மாமனாருக்கு வந்த டப்பா

திருமங்கலத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மச்சான் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வந்த ஒருவரிடம், அப்பாவுக்கென்று என்.எம்.என். மாத்திரை இரண்டு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறார். 'இதைச் சாப்பிட்டால் வயசு பின்னாடி போகும்' என்று போனில் சொன்னாராம். மாமனாருக்கு 71 வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், சுகரும் பிரஷரும் உண்டு. தம்பியின் கேள்விகள் மூன்று. இதைக் கொடுக்கலாமா? முதுமையைத் தள்ளிப்போட நிஜமாகவே மருந்து வந்துவிட்டதா? நம் பேரப்பிள்ளைகள் 150 வயது வாழ்வார்களா?

நான் டாக்டர் இல்லை. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன். இந்தத் துறையில் வரும் ஆராய்ச்சிகளை விடாமல் படித்து வருகிறேன். முதல் கேள்விக்குப் பதில் சின்னது: அவருடைய சுகர் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டுக் கொடுத்தாலும் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் மிச்சப் பதில் எல்லாம்.

1825இல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற லண்டன் காப்பீட்டுக் கணக்கர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நடுவயதுக்கு மேல் மனிதன் சாகும் வாய்ப்பு ஒரே சீராகக் கூடுவதில்லை, இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. இன்றைய கணக்கில் சுமார் 8 வருடத்துக்கு ஒரு முறை. 40 வயதில் இருந்த ஆபத்து 48இல் இரண்டு மடங்கு, 56இல் நான்கு, 64இல் எட்டு, 72இல் பதினாறு. மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம், ஞாபகமறதி என்று பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் அத்தனையும் இந்த ஒரே ஏணியில்தான் ஏறி வருகின்றன. அதனால்தான் நாளைக்கே புற்றுநோயை உலகத்தை விட்டே துரத்திவிட்டாலும் சராசரி ஆயுள் ஏறத்தாழ 3 வருடம்தான் கூடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அரித்துப்போன கண்மாய்க் கரை மாதிரி. ஓர் உடைப்பை மண்மூட்டை போட்டு அடைத்தால் நாலு அடி தள்ளி இன்னொன்று வாய் திறக்கும். உடைப்பை அடைப்பதை விட்டுவிட்டுக் கரையையே பலப்படுத்த முடியுமா என்று பார்ப்பதுதான் இந்த ஆராய்ச்சி. மற்றபடி சாகாவரம், காயகல்பம் என்று காதில் விழுவதெல்லாம் விளம்பரம்.

கரையைப் பலப்படுத்த முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவிடம் இருந்து. மண்ணில் வாழும் இந்தப் புழுவின் ஆயுள் இரண்டு மூன்று வாரம். 1993இல் சிந்தியா கென்யன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, டாஃப்-2 என்ற ஒரே ஒரு மரபணு பழுதான புழுக்கள் இரண்டு மடங்குக்கு மேல் வாழ்வதைக் காட்டியது. கிழடு தட்டிய பிறகு படுத்த படுக்கையாக இழுத்துக்கொண்டு கிடந்ததல்ல; மற்ற புழுக்கள் செத்துக்கொண்டிருந்த வயதில் இவை இளவட்டம் மாதிரி நெளிந்துகொண்டிருந்தன. அந்த மரபணு என்ன தெரியுமா? நம் உடம்பில் இன்சுலின் வந்து தட்டும் கதவு இருக்கிறதே, அதன் புழு வடிவம். 'சாப்பாடு இருக்கிறது, வளர்' என்ற செய்தி வரும் பாதை. அந்தச் செய்தியின் சத்தத்தைக் குறைத்தால் உடம்பு பராமரிப்பு வேலைக்குத் திரும்புகிறது.

புழுவை நம்பாதவர்களுக்கு மதுரை நாகமலைப் பக்கம் ஒரு சாட்சி உண்டு, வௌவால். காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் வௌவால்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தவர். இருட்டுக் குகைக்குள் தனியாக அடைத்து வைத்த வௌவாலும், சூரியனைப் பார்க்காமலேயே, மற்ற வௌவால்கள் கிளம்பிப் போய்த் திரும்பும் நேரத்தை ஒட்டித் தன் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்கிறது என்று 1981இல் அவரும் மாணவர்களும் எழுதினார்கள். படிக்கிற காலத்தில் நானும் ஒரு குகைக்குள் டார்ச்சோடு போயிருக்கிறேன். ஒரு வாரம் சட்டையில் நாற்றம் போகவில்லை. ஆயுள் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. ஆனால் வௌவால் இந்த விஷயத்தில் ஓர் அதிசயம். வீட்டு எலி 20, 30 கிராம் எடை, இரண்டு மூன்று வருடத்தில் கதை முடிந்துவிடும். சைபீரியாவில் வளையம் மாட்டி விடப்பட்ட பிராண்ட்ஸ் வௌவால் ஒன்று, எடை 7 கிராம்தான், 41 வருடம் கழித்து உயிரோடு திரும்பப் பிடிபட்டது. அதே பாலூட்டி உடம்புதான், கிட்டத்தட்ட அதே உறுப்புகள்தான். ஆயுள் என்பது கல்லில் வெட்டிய எழுத்து இல்லை, பரிணாமம் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஒன்று என்பது இதில் தெரிகிறது. கூட்டும் திருகு நம் கைக்கு எட்டுமா என்பது வேறு கேள்வி.

இதுவரை எட்டியதில் கெட்டியான ஒன்று ராபமைசின். 1964இல் கனடாவில் இருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் கடல் நடுவே இருக்கும் ஈஸ்டர் தீவுக்குப் போய் மண் எடுத்து வந்தது. தீவின் பெயர் ராபா நூய், அதனால்தான் மருந்துக்கு இந்தப் பெயர். அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா சுரக்கும் பொருளை மாண்ட்ரியால் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தவர் சுரேன் சேகல், இந்தியாவில் படித்துவிட்டுப் போனவர். 1980களின் தொடக்கத்தில் கம்பெனி அந்த ஆய்வகத்தை மூடி வேலையைக் கைவிட்டபோது, மனிதர் கொஞ்சம் மருந்தை வீட்டுக்கு எடுத்துப் போய் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்திருந்தார். அந்த டப்பா இல்லையென்றால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1999இல் அது சிறுநீரக மாற்று சிகிச்சைக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாற்று உறுப்பை உடம்பு எதிர்க்காமல் அடக்கி வைப்பது அதன் வேலை.

2009இல்தான் திருப்பம். 600 நாள் ஆன எலிகளுக்கு, மனிதக் கணக்கில் ஏறக்குறைய 60 வயது, இதைத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். இளம் எலிகளுக்குக் கொடுப்பதாகத்தான் திட்டம். மருந்து வயிற்றில் கெட்டுப்போகாமல் தீனியில் கலக்கும் வழி தெரிவதற்குள் எலிகள் கிழடாகிவிட்டன. சரி, கொடுத்துத்தான் பார்ப்போமே என்று கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது எலிகள் செத்து முடியும் வயது பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் தள்ளிப்போனது. வயதான பிறகு ஆரம்பித்தும் வேலை செய்கிறது என்பதுதான் அதில் எல்லோரையும் நிமிர வைத்த செய்தி.

எப்படி வேலை செய்கிறது? கல்யாண மண்டபச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தி நடக்கிற வரைக்கும் சமையல் மேஸ்திரி 'போடு, கிண்டு, எடு' என்றுதான் கத்துவார். பாத்திரம் தேய்க்க, அடுப்படி கழுவ யாருக்கும் நேரம் இருக்காது. கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் துடைப்பம் வெளியே வரும். நம் செல்லுக்குள் எம்.டார் என்ற புரதம்தான் அந்த மேஸ்திரி. சாப்பாடு வந்துகொண்டே இருந்தால் 'வளர், கட்டு' என்று விரட்டும். அது கொஞ்சம் அமைதியானால்தான் செல் தனக்குள் தேங்கிய குப்பையைத் தானே தின்று செரிக்கும். இந்தச் சுயதுப்புரவின் மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்தது. ராபமைசின் மேஸ்திரியின் வாயைப் பொத்துகிறது. மூன்று வேளையும் பந்தி, நடுவில் வடை, ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா என்று போகும் நம் ஊரில் மேஸ்திரி எப்போது ஓய்வார் என்று யோசித்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

அதற்காக மாமனாருக்கு ராபமைசின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வாய்ப்புண், கொழுப்பு ஏறுவது, சுகர் கூடுவது, தொற்றுநோய் எளிதாகப் பிடிப்பது எல்லாம் அதன் பக்க விளைவுகள். மனிதர்களில் அது ஆயுளைக் கூட்டியதாக இன்றுவரை ஓர் ஆதாரமும் இல்லை. இதே வகை மருந்தைச் சிறு அளவில் முதியவர்களுக்குக் கொடுத்தபோது ஃபுளூ காய்ச்சல் தடுப்பூசிக்கு உடம்பு கூடுதலாக எதிர்வினை காட்டியதாக 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த வழியில் தொடர்ந்து வந்த வேறொரு மருந்தின் பெரிய பரிசோதனை 2019இல் தோற்றது.

இப்போது உங்கள் டப்பாவுக்கு வருவோம். செல்லுக்குள் ஆற்றல் வேலைக்கு வேண்டிய என்.ஏ.டி. என்ற மூலக்கூறு வயதோடு குறைகிறது, அதன் மூலப்பொருளான என்.எம்.என்.னைச் சாப்பிட்டால் நிரம்பும் என்பது வாதம். சாப்பிட்டால் ரத்தத்தில் என்.ஏ.டி. கூடுகிறது என்பது உண்மை. அதனால் என்ன ஆகிறது என்றால் கை விரிக்க வேண்டியதாக இருக்கிறது. 2021இல் வந்த ஒரு நல்ல ஆய்வில், சுகரின் விளிம்பில் இருந்த 25 பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 10 வாரம் தினமும் 250 மில்லிகிராம் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மருந்து உண்ட பெண்களின் தசைகள் இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்த்தன. உடல் எடையிலோ ரத்தச் சர்க்கரையிலோ மாற்றம் இல்லை. அவ்வளவுதான். அங்கிருந்து 'வயசு பின்னாடி போகும்' என்பதற்கு எத்தனை மைல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அரசின் பணத்தில் நடக்கும் ஓர் எலித் திட்டம் உண்டு. நான் மிகவும் மதிக்கும் வேலை. ஒரே மருந்தை மூன்று வெவ்வேறு ஆய்வகங்களில் ஒரே சமயத்தில், கலப்பு ரக எலிகளில் சோதிப்பார்கள். ஓர் ஆளின் அதிர்ஷ்டமோ ஒரு ரக எலியின் கோளாறோ முடிவைக் கெடுக்காது. ராபமைசினை மேலே தூக்கியது இவர்கள்தான். என்.எம்.என்.னின் நெருங்கிய உறவான நிகோடினமைடு ரிபோசைடு இந்தத் தேர்வில் தோற்றது. திராட்சைத் தோலில் இருக்கிறது என்று ஒரு காலத்தில் கொண்டாடிய ரெஸ்வெராட்ரால் தோற்றது. அதை வைத்துத் தொடங்கிய கம்பெனியை 2008இல் ஒரு பெரிய மருந்து நிறுவனம் 72 கோடி டாலருக்கு வாங்கிச் சில வருடத்தில் கதவைச் சாத்தியது தனிக் கதை. மீன் எண்ணெய் தோற்றது. நம் மஞ்சளில் இருக்கும் குர்குமினும் தோற்றது. மஞ்சள்பொடி மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை, அது இல்லாமல் மீன்குழம்பு வைக்கவா முடியும்? ஆயுளைக் கூட்டும் என்று காப்சூலில் அடைத்து விற்றால் வாங்காதீர்கள் என்கிறேன்.

ஜெயித்தவற்றில் ஒன்று வேடிக்கை. அகார்போஸ், நம் ஊரில் சுகருக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை. சோற்றில் இருக்கும் மாவு சர்க்கரையாகும் வேகத்தைக் குறைக்கும். பாதி எலிகள் செத்து முடியும் வயதை ஆண் எலிகளில் 22 சதவீதம் கூட்டியது, பெண் எலிகளில் 5 சதவீதம்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், வயிறு உப்பிக் காற்றுப் பிரிவதில் நாலு பேர் நடுவில் உட்கார முடியாது.

சுகருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மாமனார் அநேகமாக அதை ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருப்பார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வரும் பையில் இருப்பதும் இதுதான். இதே மாத்திரை முதுமையைத் தள்ளிப்போடுமா என்று பார்க்க, 65 முதல் 79 வயதுக்குள் 3,000 பேரை வைத்து ஒரு பரிசோதனை நடத்த வேண்டும் என்று நியூயார்க்கின் நிர் பார்சிலாய் பல வருடமாக மன்றாடுகிறார். காப்புரிமை முடிந்து காசுக்கு ரெண்டு என்று கிடைக்கிற மாத்திரைக்கு எந்தக் கம்பெனி கோடிகளைக் கொட்டும்?

ஆர்வம் கிளம்பியது 2014இல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வில். மெட்ஃபார்மின் சாப்பிடும் சுகர் நோயாளிகள், சுகரே இல்லாதவர்களை விடச் சற்று அதிகம் வாழ்ந்ததாகக் கணக்கு வந்தது. 2022இல் டென்மார்க் பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோது அப்படி ஒன்றும் தெரியவில்லை. மேலே சொன்ன எலித் தேர்வில் மெட்ஃபார்மின் தனியாகத் தேறவில்லை. இன்னொன்று, எடை தூக்கிப் பயிற்சி செய்த முதியவர்களில் இது தசை வளர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியதாக 2019இல் தெரியவந்தது. ஆக, சுகர் இல்லாதவர் ஆயுளுக்காக இதைத் தொடங்குவதில் அர்த்தம் இல்லை. சுகர் இருக்கும் மாமனார் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு, கால் எரிச்சல், மரமரப்பு இருந்தால் ஒரு தடவை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். டப்பாவை விட இந்த ஒரு பரிசோதனை அவருக்கு உபயோகம்.

பட்டினியைப் பற்றியும் கேட்பார்கள். 1935இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளைவ் மெக்கே, குறைவாகத் தீனி போட்ட எலிகள் அதிகம் வாழ்வதைக் காட்டிவிட்டார். குரங்குகளில் குழப்பம். விஸ்கான்சின் குழு 2009இல் 'ஆம், அதிகம் வாழ்கின்றன' என்றது. இன்னொரு குழு 2012இல் 'இல்லை' என்றது. பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து பேசி 2017இல் சேர்ந்தே எழுதினார்கள். விஸ்கான்சின் குரங்குத் தீனியில் சீனி மிக அதிகம், ஒப்பிட வைத்திருந்த குரங்குகள் இஷ்டத்துக்குத் தின்றன. அப்படித் தின்று கெட்ட குரங்கோடு நிறுத்தினால் பட்டினி ஜெயிக்கத்தானே செய்யும்? மனிதர்களில் இரண்டு வருடம் நடந்த ஒரு சோதனையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், ஜனங்களால் 12 சதவீதம்தான் முடிந்தது. முதுமையின் வேகம் 2, 3 சதவீதம் குறைந்ததாக ரத்தத்தில் எடுத்த அளவு சொன்னது. அவர்கள் எல்லாம் ஆரோக்கியமான, பருமன் இல்லாத, ஐம்பது வயதைத் தாண்டாதவர்கள். 71 வயதில் கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால் சுகர் இறங்கி மயங்கி விழலாம். விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் அதுதான் ஆயுளைக் குறைக்கும். அவர் சாப்பாட்டைக் குறைப்பதை விட, முட்டை, பயறு, மீன் கூட்டிச் சோற்றைக் குறைப்பது மேல்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாகவும் சாகாமல் வேலையும் செய்யாமல் அக்கம்பக்கத்தையும் கெடுக்கும் கிழட்டுச் செல்களைத் துடைத்தெடுக்கும் மருந்துகள் எலியில் அபாரம். முழங்கால் வலிக்கு மனிதரில் ஒன்றைச் சோதித்தபோது 2020இல் தோல்வி. ஷின்யா யமனாகா 2006இல் கண்டுபிடித்த நாலு மரபணுக்களைக் கொண்டு செல்லின் வயதைத் திருப்புவதுதான் இன்று பணம் கொட்டும் இடம். ஆல்டாஸ் லேப்ஸ் என்ற ஒரே கம்பெனி 2022இல் 300 கோடி டாலரோடு கடை திறந்தது. அளவு தவறினால் செல் தான் யார் என்பதையே மறந்து கட்டியாகிவிடும் என்பது அதில் பயம். 'உங்கள் உண்மையான வயது' என்று எச்சிலையோ ரத்தத்தையோ வாங்கிச் சொல்லும் பரிசோதனைகளுக்கு அடிப்படை ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் கட்டிய கணக்கு. கூட்டத்தை அளக்க நல்ல கருவி, ஓர் ஆளை அளக்க இன்னும் போதாது. காசை வீணாக்காதீர்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், நம் ஜனங்களின் உடம்பில் முதுமை எப்படி ஓடுகிறது என்று அளக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. வெள்ளைக்காரன் ரத்தத்தை வைத்துப் போட்ட அளவுகோல் நமக்குப் பொருந்துமா என்பது அப்போதுதான் தெரியும்.

என் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு 76 வயது இருக்கும்போது தினமும் பூக்காரம்மாவோடு சண்டை. 'பழுத்த பூவ என் தலையில கட்டுறியேத்தா, மல்லின்னா வெள்ளையா இருக்க வேணாமா' என்பார். பூக்காரம்மா பாவம், மாட்டுத்தாவணியில் விடியற்காலை எடுத்து வந்த மொட்டு. அப்புறம்தான் கண்புரை என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வாசல்படியில் நின்று, 'என்னடா, எனக்குச் சொல்லாம வெள்ளையடிச்சீங்களா?' என்று கேட்டார். சுவர் பத்து வருடப் பழைய சுவர். சாயங்காலம் பூ வாங்கியபோது ஒன்றும் பேசவில்லை, ஒரு முழம் கூட வாங்கினார்.

கண் வில்லையின் நடுப்பகுதிச் செல்கள் நாம் கருவில் இருக்கும்போதே உண்டானவை. அவற்றில் இருக்கும் புரதத்தை உடம்பு ஒருபோதும் மாற்றாது. பிறந்த நாளில் இருந்து அதே சரக்கு. எழுபது வருட வெளிச்சமும் சர்க்கரையும் பட்டுப் பழுத்து மஞ்சளாகிக் கலங்கிவிடும். முதுமை என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்ல இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 58 வயதில் அரசு வேலையில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களோடு அறுவை செய்தவர். செயற்கை வில்லையை மலிவாகச் செய்ய 1992இல் இங்கேயே ஆரோலேப் வந்தது. அம்மாவின் ஆயுளை அது ஒரு நாளாவது கூட்டியதா என்று கேட்டால் தெரியாது. பழுத்த வில்லையை இளமையாக்கவும் இல்லை, எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைத்தார்கள். ஆனால் கண் தெரியாமல் தடுமாறி விழ வேண்டிய எட்டு வருடம் அவர் தானே ரேஷன் கடைக்குப் போய் வந்தார். முதுமை ஆராய்ச்சி எனக்குக் கொடுக்க வேண்டியது இந்த மாதிரி எட்டு வருடங்களைத்தான், 150ஐ அல்ல.

அந்த 150க்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆதாரத்தோடு அதிகம் வாழ்ந்தவர் பிரான்சின் ழான் கால்மென், 122 வருடம் 164 நாள், 1997இல் இறந்தார். அதற்குப் பிறகு மருத்துவம் எவ்வளவோ முன்னேறியும் அந்தக் கணக்கை ஒருவரும் தாண்டவில்லை. சுதந்திரத்தின்போது 32ஐ ஒட்டி இருந்த இந்தியச் சராசரி ஆயுள் இன்று 70ஐத் தொட்டதற்குக் குழந்தைச் சாவு குறைந்தது, தடுப்பூசி, நல்ல தண்ணீர் இவைதான் பெரிய காரணம். உச்சவரம்பு நகரவில்லை. உங்கள் பேரன் 95 வயதில் மாடிப்படி ஏறுவான் என்றால் நம்புவேன். 150 என்று யாராவது சொன்னால், எந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறார் என்று கேட்பேன்.

டப்பாவில் உறை பிரியவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும். பிரித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தால் அடுத்த முறை சுகர் செக்கப்புக்கு டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், மற்ற மாத்திரைகளோடு சேர்த்து டாக்டர் பார்க்கட்டும். மச்சான் மனம் நோகாமல், அடுத்த தடவை அனுப்புவதாக இருந்தால் மேல்கையில் கட்டும் பி.பி. கருவி ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். மாமனாரின் மேல்கைச் சுற்றளவை அளந்து சொல்லி, அதற்குப் பொருந்தும் பட்டையாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.